நீங்கள் கேட்காத கை

இன்று காலை பச்சைப் பட்டாணி தேடி ஃப்ரீசரைக் குடைந்த என் மனைவி, வெனிலா ஐஸ்கிரீம் என்று எழுதியிருந்த டப்பா ஒன்றைத் திறந்துவிட்டு ஓரடி பின்னால் போனாள். உள்ளே இளஞ்சிவப்பு வலைத்துணியில் தூண்டிலில் இரையாகக் கோர்ப்பதற்காகச் சுண்டைக்காய் அளவில் கட்டி வைத்த மீன்சினை முடிச்சுகள். நாற்பது, ஐம்பது இருக்கும். உறைந்து கிடந்தாலும் சினைக்கு ஒரு வாசனை உண்டு. ஆற்றுப் பாசியும் உப்பும் கலந்த அந்த வாசனை சமையலறை முழுக்கப் பரவியது. "இது எப்ப வெளிய போகும்?" என்று மட்டும் கேட்டாள். நான் மூடியை அழுத்தி மறுபடி உள்ளே வைத்தேன்.

அவை நீங்கள் கட்டிய முடிச்சுகள். நூலை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி, வாலை ஒட்ட நறுக்கி, கஞ்சத்தனமும் அழகும் சேர்ந்த உங்கள் வேலை. நான் கட்டினால் இரண்டாவது வீச்சிலேயே அவிழ்ந்துவிடும் என்று சிரிப்பீர்களே, அதே முடிச்சுகள்.

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் முறை என்று எனக்கும் தெரியும். இன்றைக்கு அந்த முறைப்படி நடக்கும் உத்தேசம் இல்லை. உங்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் இருக்கிறது. உங்களைப் பழிவாங்கியே தீர வேண்டும் என்று ஏழு மாதம் கறுவிக்கொண்டு திரிந்தவன் நான். இரண்டு முறை பழிவாங்கவும் செய்தேன். முதல் தடவை என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது உங்கள் முகத்துக்கு நேராகத்தான் நடந்தது, ஆனால் உங்கள் கண் மூடியிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் சந்தித்த நாளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் தப்பு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. அது ஒரு நவம்பர் சனிக்கிழமை. டொரொண்டோவுக்குக் கிழக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் அந்த ஆற்றில், இரண்டு மணி நேரமாக ஒரு கடி கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன். இருபது அடி கீழே நீங்கள் வந்து நின்றீர்கள். அரை மணி நேரத்தில் இரண்டு ஸ்டீல்ஹெட். ஏரியில் வளர்ந்து, முட்டையிட ஆறேறி வருகிற மீன் அது, முழங்கை நீளம், வெள்ளிப் பக்கமும் இலேசான சிவப்புக் கோடுமாக. நீங்கள் அவற்றைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கக்கூட இல்லை. கொக்கியைக் கழற்றி அப்படியே விட்டீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. போனில் மனைவியிடம், எனக்கு ஒன்றும் மாட்டவில்லை, பக்கத்தில் ஒரு ஆள் மட்டும் அள்ளிக்கொண்டிருக்கிறான் என்று சொன்னேன். இந்த நாட்டு ஆற்றங்கரையில் தமிழ் யாருக்குப் புரியப் போகிறது என்ற தைரியம்.

நீங்கள் திரும்பாமலே சொன்னீர்கள். "அள்ளேல்லை. ரெண்டே ரெண்டுதான்."

நான் சிரித்துவிட்டு, "நீங்க மலையாளமா?" என்று கேட்டேன்.

சத்தியமாக வேண்டுமென்று கேட்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒன்றரை வருடம், மிசிசாகாவில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மென்பொருள் எழுதும் வேலை, என்னைச் சுற்றி இருந்த தமிழர் எல்லோரும் என் ஊர்ப் பக்கத்து ஆட்கள். உங்கள் தமிழ் என் காதுக்கு அப்படித்தான் விழுந்தது. நீங்கள் நூலைச் சுற்றி எடுத்து மறுபடி வீசினீர்கள். பிறகு, "இல்லைங்க, நான் யாழ்ப்பாணம்ங்க" என்றீர்கள்.

அந்த "ங்க" தொலைக்காட்சித் தொடரிலிருந்து எடுத்தது. அன்றிலிருந்து என்னோடு பேசும்போதெல்லாம் உங்கள் தமிழை மடித்து உள்ளே வைத்துவிட்டு, எங்கள் ஊர்த் தமிழ் என்று நீங்கள் நினைத்த ஒன்றைப் பேசினீர்கள். உங்கள் மனைவியோடு, நான் அக்கா என்று கூப்பிடுகிறவரோடு, போனில் பேசும்போது மட்டும் உங்கள் பேச்சு தடதடவென்று ஓடும்; எனக்குப் பாதி புரியாது. போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, "சொல்லுங்க சார்" என்பீர்கள். எனக்காகத்தான் இப்படிப் பேசுகிறார், எவ்வளவு பண்பான மனிதர் என்று நினைத்தேன். உங்கள் மொழியை நீங்களே ஒளித்துக்கொள்ளும்படி செய்தது நான்தான் என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சிரித்திருப்பேன்.

அந்தக் குளிர்காலமும் அடுத்ததும் சனிக்கிழமை தவறாமல் போனோம். நீங்கள் டோர்செட் பார்க் அடுக்குமாடி வீட்டிலிருந்து இறங்கி வந்து, என் காரில் ஏறிய உடனேயே ஹீட்டரைக் குறைப்பீர்கள். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை உங்களுக்கு, குளிர் பழகிப்போன உடம்பு. நெஞ்சு வரை வருகிற ரப்பர்க் கால்சட்டைக்கு வேடர்ஸ் என்று பெயர் என்பதை வைத்தே இரண்டு குளிர்காலம் ஓட்டினீர்கள். "வேடரைப் போட்ட வேடர் வந்துட்டார்" என்பீர்கள் என்னைப் பார்த்ததும். முதல் தடவை சிரித்தேன். நாற்பதாவது தடவையும் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தீர்கள்.

குளிர்காலத்து ஸ்டீல்ஹெட் சோம்பேறி. ஆழமான இடத்தில் அசையாமல் கிடக்கும், இரை அதன் மூக்கடியில் போனால்தான் வாயைத் திறக்கும். தக்கை அமிழாது, ஓடுகிற ஓட்டத்தில் ஒரு நொடி தயங்கும், அவ்வளவுதான். அந்தத் தயக்கத்தைப் பார்ப்பதற்காக விரல் விறைக்க மணிக்கணக்கில் நிற்போம். தூண்டிலின் வளையங்களில் பனி கட்டிக்கொள்ளும். நான் நகத்தால் சுரண்டுவேன், நீங்கள் வளையத்தை வாயில் வைத்து உருக்குவீர்கள். பார்க்க அருவருப்பாக இருக்கும். மீன் உங்களுக்குத்தான் மாட்டும்.

நீங்கள் கண்டுபிடித்த ஒரு வளைவு இருந்தது. பாதையிலிருந்து விலகி, முள்ளுக்குள் புகுந்து, சரிவில் உட்கார்ந்து வழுக்கி இறங்கினால் வரும் இடம். ஒரு பழைய மரம் ஆற்றுக்குள் சாய்ந்திருக்க, அதன் அடியில் கறுப்பாக ஆழம். அதை எனக்குக் காட்டிய அன்று, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டீர்கள். சும்மா சொன்னதை ஏற்கவில்லை. ரிச்மண்ட் ஹில் கோயில் பிள்ளையார் மேல் சத்தியம் செய்ய வைத்தீர்கள். செய்தேன்.

இரண்டாவது குளிர்காலம், ஜனவரி. மைனஸ் பதினொன்று. ஆற்றின் நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு கரையோரமும் ஆறேழு அடி அகலத்துக்குப் பனி இறுகி நீருக்கு மேல் பலகை விரித்திருந்தது. காலை பத்து மணி இருக்கும். உங்கள் தக்கை தயங்கியது, நீங்கள் தூக்கினீர்கள், அந்த மீன் நாம் அதுவரை பார்த்த எதையும் விடப் பெரிது. ஒரே ஓட்டமாகக் கீழே ஓடியது. கரையில் நின்று பிடிக்க வேண்டிய மீனை நீங்கள் துரத்திக்கொண்டு அந்தப் பலகை மேல் நடந்தீர்கள். வேண்டாம் என்று கத்தினேன். நீங்கள் கேட்கவில்லை. பெரிய மீன் மாட்டினால் உங்களுக்கு யார் பேச்சும் காதில் ஏறாது.

பலகை உடைந்த சத்தம் பெரிதாக இல்லை. ஒரு கணம் நின்றிருந்தீர்கள், அடுத்த கணம் நெஞ்சு வரை தண்ணீரில் இருந்தீர்கள். ஆறு உங்களைக் கீழே இருந்த பனிப் பலகையை நோக்கித் தள்ளியது. அதன் அடிக்குள் போய்விட்டால் மனிதன் திரும்பி வருவதில்லை. வலது கையில் தூண்டில் அப்போதும் இருந்தது. இடது கையால் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் முகத்தைத் திருப்பிக் கத்தினீர்கள்.

என் காதை மூடிய கம்பளித் தொப்பி, ஆற்றின் இரைச்சல், உங்கள் மூச்சுத் திணறல். இத்தனையையும் தாண்டி வந்தது இரண்டு சொல்தான். எனக்குக் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"உன் கை! உன் கை!"

என்னை நீங்கள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சார், வாங்க, போங்க எல்லாம் தண்ணீரில் போய்விட்டது என்று நினைத்தேன். பயத்தின் நடுவே எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றால் ஊர்ந்து பலகை மேல் வந்தேன். வலது கையை நீட்டினேன். நீங்கள் உடனே பிடிக்கவில்லை. என் கையை ஒரு நொடி பார்த்தீர்கள், பிறகு என் முகத்தை. அதன் பிறகுதான் தூண்டிலை விட்டுவிட்டுப் பிடித்தீர்கள். இழுத்தேன். என் அடியிலும் பனி உடைந்தது. இடுப்பு வரை நானும் உள்ளே போனேன், சரிந்து வந்த பனிப் பாளத்துக்கும் கல்லுக்கும் நடுவே என் மோதிர விரல் நசுங்கியது. கையை மட்டும் விடவில்லை. எப்படியோ இருவரும் கரையேறினோம்.

காரில் ஹீட்டரை முழுதாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். உங்கள் பல் கிட்டிக்கொண்டிருந்தது. நன்றி இப்போது வேண்டாம், மனிதன் உதறிக்கொண்டிருக்கிறான், பிறகு வரும் என்று காத்திருந்தேன்.

பிறகு வந்தது என்னவென்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? பிப்ரவரியில் உங்கள் மகளின் பிறந்தநாள், ஸ்கார்பரோவில் ஒரு ஹால். நான் விரலில் தகடு வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். டாக்டர் விரல் இனி முழுதாக மடங்காது என்று சொல்லியிருந்தார். ஆண்கள் உட்கார்ந்திருந்த மேசையில் யாரோ என் கட்டைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் ஆரம்பித்தீர்கள், உங்கள் சொந்தத் தமிழில், மேசை முழுவதற்கும் கேட்கும்படி.

"நான் வரவேண்டாம் எண்டு கத்துறன், உவர் இந்தியப் படத்தில வாற கதாநாயகன் மாதிரிப் பாய்ஞ்சு வாறார். எனக்குக் கால் எட்டினது. நான் பாட்டுக்கு நடந்து ஏறியிருப்பன். உவர் வந்து பனியையும் உடைச்சு, தானும் விழுந்து, கடைசியில நான் உவரையும் எல்லோ இழுத்துக் கொண்டு வரவேண்டிக் கிடந்தது."

மேசை குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. கோட்டு மாட்டும் இடத்தில் உங்களைத் தனியே பிடித்தேன். கை கேட்டது நீங்கள்தானே, இப்படிப் பச்சையாகப் பொய் சொல்கிறீர்களே என்றேன். உங்கள் முகம் மாறியது. எங்கள் ஊர்த் தமிழ் பேச அன்று நீங்கள் மெனக்கெடவில்லை.

"நான் ஆரிட்டையும் கை கேக்கேல்லை" என்றீர்கள்.

அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. கால் எட்டியதாம். உங்கள் வேடர்ஸுக்குள் தண்ணீர் நிறைந்து, நீங்கள் கல்லைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவன் நான். கேட்டு வாங்கிய கையைக் கேட்கவில்லை என்கிறவன் மனிதனா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஸ்டியரிங்கை அடித்தேன். அடிபட்ட விரலாலேயே அடித்தேன்.

அப்புறம் நான் செய்தது. மார்ச்சில், மீன்கள் கூட்டமாக ஏறத் தொடங்கிய வாரம், சில நூறு தூண்டில்காரர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் உங்கள் வளைவின் வரைபடத்தைப் போட்டேன். எங்கே வண்டி நிறுத்துவது, எந்த முள்ளுக்குள் புகுவது, மரத்தின் எந்தப் பக்கம் ஆழம் என்று எல்லாவற்றையும் எழுதினேன். பிள்ளையாரை ஒரு தரம்தான் நினைத்தேன். அவர் தும்பிக்கையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளட்டும் என்று அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

சனிக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். பாதையோரம் பதின்மூன்று கார். கரையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஆட்கள், ஒருவர் நூல் இன்னொருவர் நூலோடு சிக்கி, ஒரே வசவு. சாய்ந்த மரத்தில் யாரோ காபிக் கோப்பையைச் செருகி வைத்திருந்தார்கள். நீங்கள் சரிவின் உச்சியில் வந்து நின்றீர்கள். புதுத் தூண்டில், கையில் ஒரு வாளி. கூட்டத்தைப் பார்த்தீர்கள். அதில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தீர்கள். திரும்பி நடந்தீர்கள், முள்ளை விலக்கக்கூட இல்லை, நேராக அதற்குள்ளேயே.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? இனிப்பாக இருந்தது. அப்படிப்பட்ட இனிப்பை நான் அதற்கு முன் தின்றதில்லை. இரண்டு வாரத்தில் அந்த ஆழத்தில் ஒரு மீன் இல்லாமல் துடைத்துவிட்டார்கள், எனக்கும் நிற்க இடமில்லை, அப்போதும் இனித்தது.

ஆனாலும் போதவில்லை. அதை நீங்களும் நானும் மட்டும்தான் அறிவோம். உங்கள் பொய்யைக் கேட்டுச் சிரித்த மேசை இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்லி உங்கள் தலையைக் குனிய வைக்க வேண்டும் என்று காத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று குளிக்கும்போது ஒத்திகை பார்த்தேன். அடுத்த பிறந்தநாளுக்கு எனக்கு அழைப்பு வராது என்பதும் தெரியும், எப்படி உள்ளே நுழைவது என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

செப்டம்பரில் நீங்கள் மளிகைக் கடை வாசலில், அரிசி மூட்டையைக் காரில் வைக்கும்போது விழுந்தீர்கள். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. செய்தி வந்தபோது அலுவலகத்தில் இருந்தேன். கீழே போய்க் காருக்குள் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. நான் இன்னும் முடிக்கவில்லையே, அதற்குள் போய்விட்டாரே என்றுதான் முதலில் தோன்றியது. ஏமாந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அக்கா போன் செய்தார். உங்களுக்கும் எனக்கும் பேச்சு இல்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. எனக்கு வேலை கூடிவிட்டது, அதனால்தான் வருவதில்லை என்று அவரிடம் சொல்லியிருந்தீர்களாம். உடலைப் பார்வைக்கு வைக்கும் நாளில் நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார். "ஆத்துக் கதையை நீங்கள்தான் சொல்லவேணும். நீங்கள்தானே பக்கத்தில நிண்டது."

நீங்களே கூப்பிட்டு மேடை போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. அன்றிரவு ஒரு பக்கம் எழுதினேன். நல்ல வார்த்தைகளாகவே எழுதிக்கொண்டு போய், கடைசி வரியில் மட்டும் விஷத்தை வைத்தேன்: "கேட்டு வாங்கிய கையைக் கேட்கவில்லை என்று உங்களிடமெல்லாம் சொன்ன மனிதர் இவர்." இறந்தவனைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று என் மனைவி கேட்டாள். அவர் உயிரோடு இருந்தபோது என்னைப் பற்றிப் பேசினாரே என்றேன்.

ஹால் நிறைந்திருந்தது. பிறந்தநாள் மேசையில் சிரித்தவர்கள் எல்லோரும் கறுப்புக் கோட்டில் இருந்தார்கள். நீங்கள் வேட்டியும் சால்வையுமாகப் பெட்டிக்குள் கிடந்தீர்கள், நெற்றியில் திருநீறு. நான் மைக்கின் முன்னால் நின்று என் தமிழில் சொன்னேன். பனி எப்படி இருந்தது, மீன் எப்படி ஓடியது, பலகை எப்படி உடைந்தது. "தண்ணி நெஞ்சு வரைக்கும். அப்ப என்னைப் பாத்துக் கத்தினார்" என்று சொல்லிவிட்டு, உங்கள் குரலிலேயே, நீங்கள் கத்திய அதே வேகத்தில், இரண்டு சொல்லையும் சேர்த்துக் கத்திக் காட்டினேன். அந்தச் சத்தம் எட்டு மாதமாக என் காதில் இருந்தது, பிசகவே இல்லை.

ஹால் உடைந்தது. முதல் வரிசையில் அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தார். பின்னால் யாரோ வாய்விட்டு அழுதார்கள். உங்கள் பொய்யைக் கேட்டு மேசையைத் தட்டிச் சிரித்த அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சரியான இடத்தில் குத்திவிட்டேன் என்று நினைத்தேன். எல்லோருக்கும் புரிந்துவிட்டது, இனிக் கடைசி வரி தேவையில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். இறங்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன், குனிந்து இல்லை, நேராகப் பார்த்தேன். அங்கிருந்தவர்கள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிரித்ததற்கு வெட்கப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் முடித்துவிட்டேன் என்றேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அக்கா கூப்பிட்டார். போகாமல் இருக்க முடியவில்லை. சாப்பிட்டு எல்லோரும் கலைந்த பிறகு அந்த ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து வந்து என் கையில் வைத்தார். எறிய மனம் வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை, நீங்கள்தான் பாவிப்பீர்கள், மீன்பிடிக்கப் பயன்படுத்துவீர்கள் என்றார். பிறகு சமையலறை வாசலில் நின்றபடி சொன்னார்.

"நீங்கள் அண்டைக்குச் சொன்னதே எனக்குப் போதும். இந்தாள் வாயால ஒரு நாளும் சொல்லேல்லை. பகிடியாத்தான் சொல்லுவார். சாகிற தண்ணிக்குள்ள நிண்டுகொண்டு, உங்கை நில்லுங்கோ எண்டு உங்களுக்குக் கத்தியிருக்கிறார்."

நில்லுங்கோ என்று நான் சொல்லவே இல்லையே என்று குழம்பினேன். அக்கா, அவர் கையைத்தானே கேட்டார் என்றேன். உன் கை, உன் கை என்று.

"கையோ?" அவர் சின்னப் பிள்ளைக்குக் காட்டுவது போல் தன் காலடியைக் காட்டினார். "இது இஞ்சை." ஜன்னலுக்கு வெளியே காட்டினார். "அது அங்கை." கடைசியாக நான் நின்ற இடத்தைக் காட்டினார். "உது உங்கை. நீங்கள் நிக்கிற இடம். உங்கையே நில்லுங்கோ, வராதேங்கோ எண்டு சொன்னவர். எங்கட ஆக்கள் எல்லாருக்கும் அது விளங்கினதாலதானே அவ்வளவு அழுதவை."

டப்பா கையில் குளிர்ந்துகொண்டிருந்தது. நான் என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்று நினைவில்லை. லிஃப்டில் கீழே போகும்போது மனத்துக்குள் அந்தச் சத்தத்தை ஓட்டிப் பார்த்தேன். உங்கை, உங்கை. ஒன்பது மாதம் அதே சத்தம்தான் ஓடியிருக்கிறது, ஒரு எழுத்து மாறவில்லை. என்னிடம் பேசுவதற்கென்று நீங்கள் வைத்திருந்த தமிழ் அந்தக் குளிரில் உங்களுக்கு எட்டவில்லை. வாயில் வந்தது உங்களுடையது. அதைப் புரிந்துகொள்ளும் காதை நான் முதல் நாளே சிரித்து மூடிவிட்டேன்.

என் கையை ஒரு நொடி பார்த்தீர்களே, அது இப்போது விளங்குகிறது. வரவேண்டாம் என்றால் இந்த மனிதன் ஏன் வந்து கையை நீட்டுகிறான் என்று பார்த்திருக்கிறீர்கள். நான் ஆரிட்டையும் கை கேக்கேல்லை என்றதும் பொய் இல்லை.

ஆனால் நீங்கள் முழுக்கத் தப்பித்துவிட்டீர்கள் என்று நினைக்க வேண்டாம். கால் எட்டியது என்றது பொய்தான். என்னை நீங்கள் இழுத்தீர்கள் என்றது அதைவிடப் பெரிய பொய். ஊர் முன்னால் என்னைக் கோமாளி ஆக்கியது அப்படியே இருக்கிறது. இதற்கெல்லாம் உங்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. உங்கள் வளைவைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன், அது வேறு கணக்கு. அதையும் இதையும் கலக்காதீர்கள்.

எனக்கு ஆத்திரம் எதில் என்றால், என் பழியைக்கூட நீங்கள் எனக்கு மிச்சம் வைக்கவில்லை. உங்களை அவமானப்படுத்த எழுதிக்கொண்டு போன தாள், உங்களைப் பற்றி அந்த ஹாலில் யாரும் பேசாத அளவு பெரிய புகழ்ச்சியாக முடிந்தது. அதைச் சொன்னதும் நான். கத்திக் காட்டியதும் நான். அக்கா இப்போதும் வாரம் ஒரு முறை போன் செய்கிறார். யாராவது வீட்டுக்கு வந்திருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டு அந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறார். அந்த இடம் வரும்போது, அவர் கத்தின மாதிரியே ஒரு தரம் கத்துங்கோ என்கிறார். கத்துகிறேன். மறுமுனையில் அழுகிறார்கள். எனக்கு நன்றி சொல்கிறார்கள். நான் எந்த எண்ணத்தோடு அந்த மைக்கின் முன்னால் போனேன் என்று அவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களை மீட்டவன் நான் என்ற ஒன்றைத்தான் ஒன்பது மாதம் நெஞ்சில் தட்டிக்கொண்டு இருந்தேன். கேட்டதும் கொடுத்தேன், ஒரு நொடி யோசிக்கவில்லை என்று. யோசிக்க எனக்கு என்ன இருந்தது? கூப்பிட்டதாக நினைத்தேன், போனேன். வராதே, அங்கேயே நில் என்று நீங்கள் சொன்னது அன்றைக்கு எனக்குப் புரிந்திருந்தால், மைனஸ் பதினொன்றில், உடைந்த பனிக்கு முன்னால், நீச்சல் தெரியாத நான், வீட்டில் மனைவி இருக்கிற நான் என்ன செய்திருப்பேன்? நீங்கள் சொன்னபடி நின்றிருக்கலாம். அவரே வேண்டாம் என்று சொன்னார் என்று அக்காவிடம் அழுதிருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

புரிந்திருந்தாலும் நான் வந்திருப்பேன் என்று எழுதத்தான் இன்று காலை உட்கார்ந்தேன். அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் உங்கள் மேல் மிச்சமிருக்கும் ஆத்திரத்தோடு நிம்மதியாக இருந்துவிடலாம். மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அடித்துவிட்டேன்.